இரண்டு சரளைப் படகுகள்

தைப்பிங் ஏரிப்பூங்காவில் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நாங்கள் ஏழெட்டுப் பேர் கூடுவோம். அமைப்பு, பொறுப்பாளர் என்று எதுவும் கிடையாது. வாசித்த ஒன்றைப் பற்றி ஒருவர் அரைமணி நேரம் பேசுவார், மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள், அப்புறம் பசியாறப் போவோம். மழை வந்தால் கூட்டம் கலைந்துவிடும். எங்கள் ஊர் மழையைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு, பாதிக் கூட்டங்கள் பாதியிலேயே முடிந்திருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

2023 கடைசியில் என் முறை வந்தது. நான் புத்தகம் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. அந்த ஆண்டு ஆகஸ்டில் நேரில் பார்த்த ஓர் ஏரிக்கரை விழாவைப் பற்றிப் பேசினேன். ஆஸ்திரியாவின் மேற்கு ஓரத்தில் இருக்கும் பிரெகென்ஸ் நகரில், போடன்சே ஏரியின் மீது மேடை கட்டி ஒவ்வொரு கோடையிலும் ஓபரா நடத்துகிறார்கள். விழா தொடங்கியது 1946-ல். இரண்டாம் உலகப்போர் முடிந்து ஒரே ஓர் ஆண்டு. ஊரில் ஒரு நாடக அரங்குகூட இல்லை. சரளைக்கல் ஏற்றும் இரண்டு தட்டைப் படகுகளைக் கரையோரம் கட்டினார்கள். ஒன்றின்மேல் மேடை, இன்னொன்றின்மேல் இசைக்குழு. மோட்ஸார்ட் பன்னிரண்டு வயதில் எழுதிய ‘பாஸ்தியான், பாஸ்தியென்’ என்ற சின்ன இசைநாடகத்தை அதில் நடத்தினார்கள். மக்கள் கரையில் உட்கார்ந்து கேட்டார்கள்.

எனக்கு இந்தக் கதை பிடித்துப்போனதற்குச் சொந்தக் காரணம் ஒன்றும் இருந்தது. தோட்டத்துக் கோவில் திருவிழாவில் லாரியின் பின்பலகையை இறக்கிவிட்டு அதையே மேடையாக்கி நாடகம் போட்டதை அப்பா பலமுறை சொல்லியிருக்கிறார். படகைப் பற்றிப் படித்ததுமே எனக்கு அந்த லாரிதான் ஞாபகத்துக்கு வந்தது. “அரங்கு இல்லைன்னா என்ன, ஏரி இருக்கே” என்று பேச்சை முடித்தேன். கைதட்டினார்கள்.

எங்கள் கூட்டத்தில் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர் உண்டு. நாங்கள் எல்லாரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவோம். அவர் கைதட்டி முடித்துவிட்டுக் கேட்டார்.

“தம்பி, அரங்கு இல்ல, அதனால படகு. சரி. அதுக்கு முந்தின வருஷம் வரைக்கும் அந்த ஊர்ல யாரு ஆட்சி? ஊர் ஜனங்க என்ன செஞ்சிக்கிட்டு இருந்தாங்க? அத விட்டுட்டிங்களே.”

“நாஜி ஆட்சிதான் டீச்சர். ஆனா…” என்று ஆரம்பித்தேன். அதற்குமேல் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. அன்றைக்குப் பார்த்து மழையும் வரவில்லை.

அந்த ‘ஆனா’வுக்குப் பிறகு நான் சொல்லியிருக்க வேண்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பார்த்ததைச் சொல்லிவிடுகிறேன். கம்பெனி என்னை மூன்று வாரப் பயிற்சிக்காகத் தெற்கு ஜெர்மனிக்கு அனுப்பியிருந்தது. தங்கியது ஏரியின் வடகரையில், ஃப்ரீட்ரிக்ஸ்ஹாஃபனில். அங்கிருந்து ரயிலில் லிண்டாவ் போய், அங்கே மாறி ஏறினால் பிரெகென்ஸ். நாடு மாறியதே தெரியவில்லை. இருந்ததில் மலிவான டிக்கெட் எனக்கு. முப்பதாயிரம் பேர் வாழும் ஊரில் ஏழாயிரம் பேர் உட்காரும் திறந்தவெளிப் படிவரிசை. அதன் மேல்மூலையில் ஓர் இருக்கை.

முன்னால் ஏரியில் ஒரு காகிதம் கிடந்தது. அப்படித்தான் தோன்றியது. யாரோ கசக்கிப்போட்ட ஒரு வெள்ளைத் தாள் காற்றில் பறந்து வந்து தண்ணீரில் விழுந்து பாதி விரிந்ததுபோல. அந்தத் தாளின் உயரம் 23 மீட்டர், அகலம் 33 மீட்டர், எடை 300 டன். அதில் மெல்லிய கோடுகளில் ஜப்பானிய மலைகள் வரையப்பட்டிருந்தன. நான் இரும்புக் கட்டமைப்புகளைக் கணக்கிட்டுச் சம்பளம் வாங்குகிறவன். மற்றவர்கள் மலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் அந்தக் காற்றுச்சுமை எங்கே இறங்குகிறது என்று தேடிக்கொண்டிருந்தேன். இத்தனை பெரிய மேற்பரப்பு, ஏரி முழுக்க மறைப்பே இல்லாமல் ஓடிவரும் புயல்காற்று. அதுவும் ஒரு மேடையமைப்பு இரண்டு கோடைகளுக்கு நிற்க வேண்டும், அதாவது நடுவில் ஒரு முழுக் குளிர்காலமும். பாரம் முழுவதும் ஏரியின் சேற்றில் அடித்திறக்கிய பைல்களில் இறங்குகிறது.

தண்ணீர் மட்டமும் நிலையாக இருப்பதில்லை. போடன்சேயின் மேல்பகுதிக்கு மதகோ அணையோ கிடையாது. ஆல்ப்ஸ் பனி உருகி ரைன் நதி வழியாக வந்து சேரும்போது ஏரி ஏறும், குளிர்காலத்தில் இறங்கும். வித்தியாசம் ஒன்றரை மீட்டருக்கு மேலேகூடப் போகும். நடிகர்கள் தண்ணீரில் கால்வைத்து நடக்கிற மேடைக்கு இது சாதாரண விஷயம் கிடையாது. டிராயிங்கில் ‘நீர்மட்டம்’ என்று ஒரே கோட்டைப் போட்டுவிட்டுப் போக முடியாது.

இசைக்குழு கண்ணில் படவேயில்லை. வியன்னா சிம்ஃபனி இசைக்குழு பின்னால் இருக்கும் விழா மண்டபத்துக்குள் உட்கார்ந்து வாசிக்கிறது. நடத்துநர் பாடகர்களைத் திரையில் பார்க்கிறார், பாடகர்கள் அவரைத் திரையில் பார்க்கிறார்கள். ஒலியைப் பிரித்து ஒலிபெருக்கிகளின் வழியாக அனுப்பும்போது, பாடுகிறவர் எந்தப் பக்கம் நிற்கிறாரோ அந்தப் பக்கத்திலிருந்தே குரல் வருகிற மாதிரிச் செய்திருக்கிறார்கள். கண்ணை மூடிச் சோதித்துப் பார்த்தேன். இடது கோடியில் பாடியவரின் குரல் இடது கோடியிலிருந்துதான் வந்தது.

அன்று பூச்சினியின் ‘மேடம் பட்டர்ஃப்ளை’. நாகசாகி துறைமுகத்துக்கு வரும் அமெரிக்கக் கப்பற்படை அதிகாரி ஒருவன் பதினைந்து வயது ஜப்பானியப் பெண்ணை ‘மணந்து’கொள்கிறான். வீட்டுக்கு 999 வருட ஒப்பந்தம், ஆனால் மாதாமாதம் ரத்து செய்துகொள்ளலாம். கல்யாணமும் அதே மாதிரித்தான் என்று சிரித்துக்கொண்டே பாடுகிறான். அவன் வரும்போது அந்த வெள்ளைத் தாளைக் கிழித்துக்கொண்டு ஓர் அமெரிக்கக் கொடிக்கம்பம் மேலே எழுந்தது. கூட்டத்தில் ஒரு சலசலப்பு. என்னைச் சுற்றி ஐரோப்பியக் குடும்பங்கள், கையில் வைன். அவள் மூன்று வருடம் காத்திருந்து ஏமாறுவதைப் பார்த்து அவர்கள் கண் கலங்கினார்கள். எனக்கும் கலங்கியது. ஆனால் கூடவே ஓர் எரிச்சலும் இருந்தது. இந்தக் கதையில் ஆசியாவிலிருந்து வந்தவர் யாருக்கும் காத்திருப்பதையும் சாவதையும் தவிர வேறு வேலை கிடையாது. அந்தப் படிவரிசையில் என் நிறத்தில் இன்னொருவரைத் தேடினேன். அப்போது அந்த எரிச்சல் பட்டர்ஃப்ளையைப் பற்றியது என்றுதான் நினைத்தேன்.

நடுவில் தூறல் ஆரம்பித்தது. குடை விரிக்கக்கூடாது, பின்னால் இருப்பவருக்கு மறைக்கும். எல்லாரும் ஒரே நேரத்தில் பிளாஸ்டிக் மழையங்கியை எடுத்து மாட்டிக்கொண்டார்கள். ஏழாயிரம் பிளாஸ்டிக் உறைகள் ஒன்றாகச் சரசரத்த அந்தச் சத்தத்தை நான் மறக்கவே மாட்டேன். பாட்டு நிற்கவில்லை. சூரியன் மேடைக்குப் பின்னால் ஏரியில் இறங்கிவிட்டிருந்தது. வலப்பக்கம் லிண்டாவ் விளக்குகள் தெரிந்தன, அது ஜெர்மனி. இடப்பக்கம் கரை வளைந்துபோய்ச் சேருமிடம் ஸ்விட்சர்லாந்து. இந்த ஏரியின் ஆழமான நடுப்பகுதியில் யாருடைய எல்லை எங்கே முடிகிறது என்று மூன்று நாடுகளும் இன்றுவரை ஒப்பந்தம் போடவில்லை. ஐரோப்பாவின் நடுவில் இப்படி ஓர் இடம் இருக்கிறது என்பதே எனக்கு அன்றைக்குக் கவித்துவமாகப் பட்டது. எல்லையில்லாத நீர், அதன்மேல் இசை. தைப்பிங்கில் பேசியபோது இந்த வரியையும் விடாமல் சொன்னேன்.

டீச்சரின் கேள்விக்குப் பிறகு அதே ஏரியைப் பற்றி மறுபடி படிக்க ஆரம்பித்தேன்.

1938 மார்ச்சில் ஹிட்லரின் படைகள் ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தன. எதிர்ப்பு இல்லை. பல இடங்களில் பூங்கொத்தோடு வரவேற்பு. பிரெகென்ஸைத் தலைநகராகக் கொண்ட ஃபோரார்ல்பெர்க் மாநிலம் டிரோல் மாநிலத்தோடு சேர்த்து ஒரே நாஜி நிர்வாகப் பகுதியாக்கப்பட்டது. யூதர்கள் தப்பிக்க வழி தேடினார்கள். வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் உடனே புரியும். ஆஸ்திரியாவின் மேற்குக் கோடி இது. அந்தப் பக்கம் ஸ்விட்சர்லாந்து. நடுவில் ரைன் நதி, அதன் பழைய கால்வாய், ஏரி. வியன்னாவிலிருந்து ரயிலேறி வந்தவர்கள் இந்தச் சமவெளியில் இறங்கி இருட்டில் தண்ணீரைக் கடக்கப் பார்த்தார்கள். ஆகஸ்டில் ஸ்விட்சர்லாந்து எல்லையை மூடியது. அந்தப் பக்கம் சாங்க்ட் காலன் மாநிலக் காவல்துறைத் தலைவராக இருந்தவர் பால் க்ருனிங்கர். வந்தவர்களின் ஆவணங்களில் தேதியை முன்தள்ளிப் போட்டு, எல்லை மூடுவதற்கு முன்பே வந்ததாகக் காட்டி, நூற்றுக்கணக்கானவர்களை உள்ளே விட்டார். 1939-ல் வேலை போயிற்று. அடுத்த ஆண்டு நீதிமன்றம் குற்றவாளி என்றது. ஓய்வூதியமில்லாமல் வறுமையில் வாழ்ந்து 1972-ல் இறந்தார். தீர்ப்பை ரத்து செய்து அவரை விடுவிக்க 1995 வரை ஆயிற்று.

‘எல்லையில்லாத நீர்’ என்று நான் சொன்னேன் இல்லையா, அதன் கரையில்தான் இதெல்லாம் நடந்தது.

பிரெகென்ஸுக்குத் தெற்கே இருபது கிலோமீட்டருக்குள் ஹோஹெனெம்ஸ் என்ற சிற்றூர். 1617-ல் அந்த ஊர்ப் பிரபு யூதர்கள் குடியேற உரிமைப்பத்திரம் கொடுத்தார். முன்னூறு ஆண்டுகளுக்கு மேல் அங்கே ஒரு யூதச் சமூகம் வாழ்ந்தது. அங்கே 1804-ல் பிறந்தவர் சாலமன் சுல்ட்ஸர். பிறகு வியன்னா யூத ஆலயத்தில் பாடகராகி, ஐரோப்பிய யூத வழிபாட்டு இசையையே மாற்றி அமைத்தவர். ஷூபர்ட் தன் கடைசி ஆண்டில் அவருக்காக எபிரேய மொழியில் ஒரு சங்கீதத்துக்கு இசையமைத்துக் கொடுத்தார். ஆக, இந்த மாநிலத்துக்கு இசை 1946-ல் படகில் வந்து இறங்கவில்லை. அதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்த மண்ணின் ஒரு குரலைக் கேட்க வியன்னாவின் இசையுலகம் யூத ஆலயத்துக்குப் போயிருக்கிறது.

1940-ல் நாஜிகள் ஹோஹெனெம்ஸின் யூதச் சமூகத்தைக் கலைத்தார்கள். எஞ்சியிருந்த சிலர் வியன்னாவுக்கு அனுப்பப்பட்டார்கள், அங்கிருந்து கிழக்கே, கொலைக்களங்களுக்கு. அவர்களின் வழிபாட்டு ஆலயம் காலியாகக் கிடந்தது. 1950-களின் நடுவில் அதை ஊரின் தீயணைப்பு நிலையமாக மாற்றினார்கள். கிட்டத்தட்ட அதே நேரத்தில், 1955-ல், பிரெகென்ஸில் ஒரு பழைய தானியக் கிடங்கை மாற்றிக் கட்டி நாடக அரங்காகத் திறந்தார்கள். இரண்டு பழைய கட்டடங்கள், இரண்டு புது உபயோகங்கள். கட்டடத் துறையில் இருக்கிற எனக்கு இந்த இரண்டு தேதிகளும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றபோது கொஞ்ச நேரம் வேறெதுவும் படிக்க முடியவில்லை. அந்தப் பயணத்தில், விழாவுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, ஃபெல்ட்கிர்ஷ் ஊரிலிருக்கும் கோட்டையைப் பார்க்க ரயிலில் போனேன். வண்டி ஹோஹெனெம்ஸ் நிலையத்தைத் தாண்டித்தான் போகும். நான் போனில் முந்தின இரவு எடுத்த படங்களைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பேன்.

இப்போது 1946-க்குத் திரும்பலாம். 1945 மே 1-ல் பிரெஞ்சுப் படை பிரெகென்ஸைப் பிடித்தது. குண்டுவீச்சில் ஊரின் மையப்பகுதி எரிந்தது. அதற்கடுத்த பத்து ஆண்டுகள் அந்த மாநிலம் பிரெஞ்சு ஆக்கிரமிப்புப் பகுதிக்குள் இருந்தது. இப்படிப்பட்ட ஊரில் ஏன் உடனே ஒரு கலைவிழா? ‘கலைமீது தாகம்’ என்பது அழகான பதில், பொய்யும் கிடையாது. ஆறேழு ஆண்டுகள் பயத்தில் கிடந்தவர்கள் கோடை இரவில் மோட்ஸார்ட்டைக் கேட்க ஏரிக்கரைக்கு வந்தார்கள் என்றால், அவர்களைப் பார்த்துக் கிண்டல் செய்ய எனக்கு உரிமை இல்லை. ஆனால் அந்த விழாவுக்கு வேறு வேலைகளும் இருந்தன. ஏரிக்கு அந்தப் பக்கம் போரில் அடிபடாத ஸ்விஸ் மக்கள், கையில் பணத்தோடு இருந்தார்கள். அவர்களை வரவழைக்க வேண்டும். அதைவிட முக்கியம், ஆஸ்திரியா என்பது ஜெர்மனி கிடையாது என்று உலகத்துக்குக் காட்ட வேண்டும். ராணுவ அணிவகுப்பு பெர்லினுடையது, மோட்ஸார்ட் எங்களுடையவர் என்று.

நேசநாடுகள் 1943-ல் மாஸ்கோவில் வெளியிட்ட அறிவிப்பில், ஹிட்லரின் ஆக்கிரமிப்புக்குப் பலியான முதல் நாடு ஆஸ்திரியா என்று ஒரு வாசகம் இருந்தது. போரில் பங்கெடுத்ததற்கான பொறுப்பும் ஆஸ்திரியாவுக்கு உண்டு என்று அதே அறிவிப்பு அடுத்தபடியாகச் சொன்னது. போருக்குப் பிறகு ஆஸ்திரியா முதல் பாதியை மட்டும் எடுத்துச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிக்கொண்டது. ஆஸ்திரியர்களுக்கும் அந்தக் குற்றங்களில் பங்கு உண்டு என்று ஒரு பிரதமர் நாடாளுமன்றத்தில் சொல்ல 1991 ஜூலை வரை ஆனது. சொன்னவர் ஃபிரான்ஸ் விரானிட்ஸ்கி. ஹோஹெனெம்ஸ் யூத அருங்காட்சியகம் திறந்ததும் அதே ஆண்டில்தான்.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். 1946-ல் பிரெகென்ஸுக்கு வந்து வாசித்த அதே வியன்னா சிம்ஃபனி இசைக்குழு, போர் முடிந்து 1945 செப்டம்பரில் மீண்டும் வாசிக்கத் தொடங்கியபோது எடுத்துக்கொண்டது குஸ்தாவ் மாலரின் மூன்றாவது சிம்ஃபனி. மாலர் யூதராகப் பிறந்தவர் என்பதால் ஏழு ஆண்டுகள் அவருடைய இசை அந்நாட்டு மேடைகளில் ஒலிக்கத் தடை இருந்தது. அதையே முதலில் வாசித்தார்கள். ஆகவே யாருக்கும் எதுவும் தெரியாது, எல்லாரும் மறந்துவிட்டார்கள் என்று எழுதினால் அதுவும் நான் தைப்பிங்கில் சொன்ன கதைமாதிரிச் சுலபமான கதையாகிவிடும். தெரிந்திருந்தது. சில நேரம் வாசிக்கவும் பட்டது. ஆனால் ஏரிக்கரையில் படகுகளைக் கட்டிய இடத்தில் எல்லாம் புதிதாக, கரையில் கால்படாமல் ஆரம்பித்தது. மிதக்கும் மேடையில் பழசு எதுவும் ஒட்டிக்கொண்டிருக்காது என்று நினைத்துக்கொள்வது வசதியாக இருந்திருக்க வேண்டும். இது என் ஊகம்தான். அவர்கள் அப்படி எழுதிவைத்ததாக நான் எங்கும் படிக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது வளர்ச்சியின் கதை, அதைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். படகுகளுக்குப் பதில் பைல்களின்மேல் நிலையான மேடை வந்தது. கரையில் படிவரிசை வந்தது. 1980-ல் பெரிய விழா மண்டபம். 1985-லிருந்து ஒரே ஓபராவை இரண்டு கோடைகளுக்கு நடத்துவது என்று ஆக்கினார்கள். செலவு இரண்டு ஆண்டுகளில் பரவியதால் மேடையமைப்புகள் பூதாகரமாயின. 1999-ல் வெர்டியின் ‘முகமூடி நடனம்’ ஓபராவுக்காக ஏரியிலிருந்து எழுந்த ஒரு மாபெரும் எலும்புக்கூடு, தன் முன்னால் விரிந்த புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருக்கும். நடிகர்கள் அந்தப் புத்தகத்தின் பக்கத்தில் நின்று பாடுவார்கள். 2007-ல் ‘டோஸ்கா’வுக்காக ஒரு பிரம்மாண்டமான கண். ஜேம்ஸ் பாண்ட் படம் ‘குவாண்டம் ஆஃப் சோலஸ்’ பார்த்தவர்கள் அந்தக் கண்ணைப் பார்த்திருப்பீர்கள். பீட்டர் சும்தோர் வடிவமைத்த நவீன ஓவியக் கூடம் 1997-ல் ஏரிக்கு அருகே திறந்தது. பால்நிறக் கண்ணாடித் தகடுகளால் மூடிய பெட்டிபோல ஒரு கட்டடம். வெளிச்சம் உள்ளே இறங்கும் விதத்தைப் பார்க்கவே அங்கே இரண்டு மணிநேரம் செலவழித்தேன். அதைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.

டீச்சருக்குச் சொல்ல வேண்டிய பதில் எனக்குக் கிடைத்தது அந்த விழா மண்டபத்துக்குள், 2010-ல்.

மியெசிஸ்லாவ் வைன்பெர்க் 1919-ல் வார்சாவில் பிறந்தவர். போலந்து யூதர். 1939-ல் ஜெர்மன் படை நுழைந்தபோது கிழக்கே நடந்தே தப்பி சோவியத் நாட்டுக்குள் போனார். பெற்றோரும் தங்கையும் பின்தங்கினார்கள், கொல்லப்பட்டார்கள். மாஸ்கோவில் ஷோஸ்டகோவிச்சின் நெருங்கிய நண்பரானார். 1968-ல் ‘பயணி’ என்ற ஓபராவை எழுதி முடித்தார். கதை ஸோஃபியா போஸ்மிஷ் என்ற போலந்து எழுத்தாளருடையது. அவர் ஆஷ்விட்ஸ் முகாமில் கைதியாக இருந்து உயிர்பிழைத்தவர். போருக்குப் பிறகு பாரிஸ் சதுக்கம் ஒன்றில் நின்றபோது, பின்னாலிருந்து ஜெர்மன் மொழியில் ஒரு பெண்குரல் கேட்டது. முகாமில் தன்னைக் கண்காணித்தவளின் குரல்போலவே இருந்தது. திரும்பிப் பார்த்தார், அவள் இல்லை. ஆனால், அவளாகவே இருந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்ற கேள்வி விடவில்லை. அதிலிருந்து 1959-ல் ஒரு வானொலி நாடகம் எழுதினார், பிறகு நாவல். கதையில் அவர் கோணத்தைத் திருப்பிப்போட்டார். கப்பலில் பயணம் செய்வது முன்னாள் முகாம் கண்காணிப்பாளர் லிசா. கணவன் மேற்கு ஜெர்மனியின் தூதரக அதிகாரி, பிரேசிலுக்குப் பதவி ஏற்கப் போகிறான். மனைவி என்ன வேலை பார்த்தாள் என்று அவனுக்குத் தெரியாது. மேல்தளத்தில் ஒரு பெண் பயணியைப் பார்க்கிறாள் லிசா. செத்துவிட்டாள் என்று அவள் நினைத்திருந்த கைதி மார்த்தாவின் முகம்.

ஷோஸ்டகோவிச் இந்த ஓபராவைப் பெரிதாகப் புகழ்ந்தார். ஆனாலும் சோவியத் நாட்டில் மேடையேற விடவில்லை. வைன்பெர்க் 1996-ல் இறந்தார், தன் ஓபராவைக் கேட்காமலே. 2006-ல் மாஸ்கோவில் மேடையமைப்பு இல்லாமல் கச்சேரி வடிவில் ஒருமுறை பாடப்பட்டது. முழு நாடகமாக உலகில் முதல்முறை மேடையேறியது 2010 ஜூலையில், பிரெகென்ஸ் விழா மண்டபத்தில். அப்போது விழாவின் கலை இயக்குநராக இருந்த டேவிட் பவுன்ட்னி தானே இயக்கினார். எழுதி முடித்து 42 ஆண்டுகள் ஆகியிருந்தன.

அதன் பதிவை வாங்கிப் பார்த்தேன். மேடை இரண்டு அடுக்கு. மேலே வெள்ளை வெளேரென்று கப்பலின் தளம், வெள்ளை உடுப்பில் பயணிகள், நடன இசை. கீழே இருட்டில் தண்டவாளங்கள், முகாம். லிசா மேலிருந்து படியில் இறங்கி வரும்போது அவள் உடுப்பு மாறியிருக்கும். ஓரிடத்தில் கைதியான வயலின் கலைஞன் ததேயுஸ், முகாம் தளபதிக்குப் பிடித்த வால்ட்ஸை வாசிக்க மேடைக்கு இழுத்துவரப்படுகிறான். அவன் அதை வாசிக்காமல் பாஹின் ‘ஷகோன்’ வாசிக்கத் தொடங்குகிறான். வயலினைப் பிடுங்கி உடைக்கிறார்கள். கலைவிழா ஒன்றின் மேடையில் இந்தக் காட்சியைப் பார்க்கும்போது உட்கார்ந்திருப்பவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? நல்ல இசை கேட்டால் மனம் பண்படும் என்று நம்பித்தானே டிக்கெட் வாங்குகிறோம். முகாம் தளபதியும் இசைப்பிரியன்தான், அவனும் நேயர் விருப்பம் கேட்கிறவன்தான்.

போஸ்மிஷ் அந்த முதல் காட்சிக்கு நேரில் வந்திருந்தார். அப்போது அவருக்கு 86 வயது.

அதே கோடையில் வெளியே ஏரிமேடையில் வெர்டியின் ‘அயீடா’ நடந்துகொண்டிருந்தது. ராட்சதக் கிரேன்கள், நட்சத்திரம் பதித்த நீலப் பாதங்கள், ஏழாயிரம் பேர். உள்ளே மண்டபத்தில் ஏறக்குறைய ஆயிரத்து எழுநூறு இருக்கைகள். வெளிமேடையின் கூட்டம் கொண்டுவரும் பணத்தில்தான் உள்ளே யாருக்கும் தெரியாத ஓபராவை நடத்தும் துணிச்சல் வருகிறது. இந்த ஏற்பாட்டை எப்படி மதிப்பிடுவது என்று எனக்கு இரண்டு மனம். அந்தப் பிரம்மாண்டக் காகிதமும் கண்ணும் எலும்புக்கூடும் வெறும் வேடிக்கை என்று ஒதுக்கும் விமர்சகர்கள் உண்டு. வேடிக்கை இல்லாமல் ‘பயணி’ வந்திருக்காது. ஆனாலும் அந்தக் கரையில் கேட்கப்பட வேண்டிய கேள்வி, ஏரியைப் பார்த்து உட்கார்ந்த ஏழாயிரம் பேர் முன்னால் கேட்கப்படவில்லை. கூரைக்குக் கீழே, சிறிய கூட்டத்தின் முன்னால்தான் கேட்கப்பட்டது. அறுபத்து நான்கு ஆண்டுகள் கழித்தாவது கேட்டார்களே என்பதும் உண்மை.

ஹோஹெனெம்ஸ் ஆலயத்தைப் பற்றி ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். 2000-களின் நடுவில் தீயணைப்பு வண்டிகள் வேறிடத்துக்குப் போயின. கட்டடத்தைச் சீரமைத்து சாலமன் சுல்ட்ஸர் அரங்கம் என்று பெயரிட்டார்கள். இப்போது அங்கே பிள்ளைகள் இசை கற்றுக்கொள்கிறார்கள், கச்சேரிகள் நடக்கின்றன.

இதையெல்லாம் சேர்த்துவைத்துக்கொண்டு டீச்சரைப் பார்க்கப் போனேன். கூட்டம் வரை காத்திருக்கப் பொறுமையில்லை. அவர் வீட்டு ஐந்தடியில் உட்கார்ந்து முழுவதையும் சொன்னேன். க்ருனிங்கர் பகுதியில் மட்டும் “அந்த மனுஷனுக்குப் பென்ஷன் கடைசி வரைக்கும் கொடுக்கலையா?” என்று நிறுத்திக் கேட்டார். அரசாங்கப் பள்ளியில் முப்பது வருடம் வேலை பார்த்தவர், அவருக்கு அதுதான் முதலில் உறைத்தது. கடைசியில் இன்னொன்றும் கேட்டார்.

“நீங்க பாத்திங்களே, அன்னிக்கு மழை பெருசா புடிச்சிருந்தா என்ன பண்ணுவாங்க?”

மண்டபத்துக்குள் மாற்றுவார்கள் என்றேன். நான் பார்த்த அதே ‘பட்டர்ஃப்ளை’யின் முதல் நாள், 2022 ஜூலையில், இடிமழை வந்து பாதியில் நிறுத்தி உள்ளே மாற்றியிருக்கிறார்கள். ஆனால் ஏழாயிரம் பேருக்கு உள்ளே இடமில்லை. விலை கூடிய டிக்கெட் வைத்திருப்பவர்கள் மட்டும் உள்ளே போகலாம். காட்சி ஓடிய நேரத்தைப் பொறுத்து மற்றவர்களுக்குப் பணம் திரும்பக் கிடைக்கும்.

“உங்க டிக்கெட்டு?”

“வெளிய இருக்கிற டிக்கெட்டு டீச்சர்.”

அவர் சிரித்தார். அடுத்த கூட்டத்தில் இதையெல்லாம் ஒழுங்காக மறுபடி பேசச் சொன்னார். பேசினேன். க்ருனிங்கர் வரை வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. மழைமரத்தடியிலேயே நின்று நனைந்துகொண்டே மீதியைச் சொல்லி முடித்தேன், மூன்று பேர் இருந்தார்கள்.